வாடகை தர முடியும், அட்வான்ஸ்தான் முடியவில்லை

பெறுநர்: தமிழ்நாடு அரசின் வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை, தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் அட்வான்ஸ் பற்றிய 11ஆவது பிரிவிலிருந்து சில சொற்களை எடுத்துவிடக் கோருதல் – தொடர்பாக.

ஐயா, அம்மா,

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்காரர் கையில் ஸ்வீட் பாக்ஸோடு மாடியேறி வந்தார். பேரன் பிறந்திருக்கிறான் போல என்று என் மனைவி காபி போட எழுந்தாள். அவர் உட்காரவில்லை. "தம்பி, பில்டிங்கை பில்டர்கிட்ட குடுக்கறதா எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. நீங்க நல்ல மாதிரி, அதான் முதல்ல உங்ககிட்ட சொல்றேன். மூணு மாசம் டைம் இருக்கு, நிதானமா பாருங்க" என்றார். பாக்ஸில் ஆறு லட்டு. என் பெண் இரண்டைத் தின்ற பிறகுதான் எதற்கான லட்டு என்று அவளுக்குச் சொன்னோம்.

எங்களுடையது ஆதம்பாக்கத்தில் முப்பது வயதைத் தாண்டிய கட்டடம். எட்டு வீடு, லிஃப்ட் கிடையாது, பெருமழை என்றால் மோட்டார் ரூமில் முழங்கால் தண்ணீர். இடித்துக் கட்டுவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய அடுக்ககத்தை இடித்துக் கட்டலாம் என்று 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தில் வழி செய்தீர்கள். நல்ல காரியம். ஒரே ஒருவர் முறுக்கிக்கொண்டு நிற்பதால் மற்ற ஏழு பேரும் விரிசல் விட்ட கூரையின் கீழ் படுத்திருக்க வேண்டாம். ஆனால் அதற்குப் பிறகு தெருவில் நடப்பது உங்கள் கோப்புக்கு வந்திருக்குமா தெரியவில்லை. கட்டி முடிக்கும் வரைக்கும் உரிமையாளர்களுக்கு பில்டரே மாதாமாதம் வாடகைப் பணம் கொடுக்கிறார். சாமான் மாற்றும் செலவும் அவருடையது. அவர்கள் ஒன்றும் கூடுவாஞ்சேரிக்குப் போவதில்லை. கோயில், டாக்டர், பால்காரர் எல்லாம் இங்கே இருக்கிறபோது ஏன் போக வேண்டும்? ஆக, எங்கள் கட்டடத்து உரிமையாளர்களும் அதே கட்டடத்து வாடகைக்காரர்களும் இப்போது ஒரே நாலு தெருவில் வீடு தேடிக்கொண்டிருக்கிறோம். சொன்ன வாடகையை அவர்கள் பேரம் பேசாமல் கொடுத்துவிடுகிறார்கள். பில்டர் பணம்தானே. இரண்டு வீடுகளின் வாசலில் எங்கள் கீழ்வீட்டு ஆன்ட்டியையே நேருக்கு நேர் பார்த்தோம். அவருக்கும் சங்கடம், எங்களுக்கும் சங்கடம்.

நான் வாகன உதிரிபாகக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறவன். மனைவி ஒரு லேபில் வேலை செய்கிறாள். இரண்டு பேர் சம்பளமும் சேர்த்துக் கைக்கு வருவது 54,000. திருத்துறைப்பூண்டியிலிருந்து 2010ல் வந்தேன். இது ஐந்தாவது வீடு. திருவல்லிக்கேணி மேன்ஷனில் மூன்று பேரோடு ஓர் அறையில் இருந்த இரண்டு வருடத்தை வீட்டுக் கணக்கில் சேர்க்கவில்லை.

வீடு தேடும் கலை பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை; உங்கள் அலுவலகத்திலும் பாதிப் பேர் வாடகை வீட்டில்தான் இருப்பார்கள். ஆப்பில் போட்டிருக்கும் வீடு போன் பண்ணினால் நேற்றுத்தான் போயிருக்கும். டு-லெட் போர்டு மாட்டின வீட்டில் போர்டைக் கழற்ற மறந்திருப்பார்கள். உண்மையான தகவல் தெருமுனை இஸ்திரிக்காரரிடம்தான் இருக்கிறது. யார் வீட்டில் துணி வருவது நின்றதோ அந்த வீடு காலி. அப்புறம் விசாரணை. "நேட்டிவ் எது?" என்பது முதல் கேள்வி. அதற்கு ஊர்ப்பெயரைச் சொன்னால் போதாது, அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது என்பது கேட்கிறவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். "நான்-வெஜ் சமைப்பீங்களா?" என்பது அதே கேள்வியின் இன்னொரு வடிவம். என்னோடு வேலை செய்கிற நண்பர் தன் பெயரைச் சொன்ன உடனே "வீடு போயிடுச்சுங்களே" என்று சொல்லிவிடுகிறார்கள். இரண்டு வாரம் கழித்து அதே வாசலில் அதே போர்டு. அவர் இப்போதெல்லாம் போனிலேயே பெயரைச் சொல்லிவிடுகிறார். பெட்ரோல் மிச்சம் என்கிறார்.

இதையெல்லாம் தாண்டி நாங்கள் போன வாரம் ஒரு வீட்டைப் பிடித்தோம். ஒரு பெட்ரூம், சின்ன ஹால், துணி காயப்போட மொட்டை மாடி. பெண்ணின் பள்ளிக்கு நடந்தே போகலாம். தண்ணீர் எப்படி என்று கேட்டேன். 2019 கோடையை இந்த ஊரில் கழித்தவர்கள் வாடகையைக் கேட்பதற்கு முன்னால் தண்ணீரைத்தான் கேட்பார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருடம் அது. "மெட்ரோ வாட்டர் வருது, போரும் இருக்கு" என்றார் அந்த வீட்டுக்காரர். வாடகை 20,000. எங்களுக்கு அதிகம்தான். ஆனால் சினிமா, ஓட்டல், ஊருக்குப் போவது என்று ஒவ்வொன்றாக வெட்டினால் கட்டிவிடலாம் என்று இருவரும் கண்ணாலேயே பேசிக்கொண்டோம்.

"அட்வான்ஸ் பொதுவா பத்து மாசம். உங்களுக்காக எட்டு."

நான் கணக்கு எழுதுகிறவன் என்று சொன்னேன் இல்லையா. அந்த வாசற்படியிலேயே கூட்டிவிட்டேன். அட்வான்ஸ் 1,60,000. முதல் மாத வாடகை 20,000. புரோக்கருக்கு ஒரு மாதம், இன்னொரு 20,000. குட்டி யானை இரண்டு நடை, ஏற்றி இறக்கும் கூலியோடு 6,000. மொத்தம் 2,06,000 ரூபாய். பால் காய்ச்சப் பால் வாங்குவதற்கு முன்னால் ஆகும் செலவு இது.

நாங்கள் வாடகை கொடுக்க முடியாதவர்கள் இல்லை. பதினைந்து வருடத்தில் ஒரு மாதம்கூட ஐந்தாம் தேதியைத் தாண்டியதில்லை. எங்களைப் போன்றவர்களை ஊருக்கு வெளியே தள்ளுவது அந்த 20,000 இல்லை, 1,60,000. வேளச்சேரியில் ஆரம்பித்து மேடவாக்கம், பெரும்பாக்கம் என்று ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் மக்கள் தெற்கே நகர்ந்துகொண்டே போவதற்கு வாடகை பாதிக் காரணம் என்றால் மீதிப் பாதி இதுதான். மாதச் சம்பளக்காரனால் மாதச் செலவைச் சமாளிக்க முடியும். மொத்தமாகக் கேட்டால் எங்கே போவான்? அடகுக்கடைக்குத்தான் போவான். என் மனைவியின் தாலிச் சங்கிலி தவிர்த்த எல்லாமும் இதற்கு முன் இரண்டு முறை போய் வந்திருக்கின்றன.

சரி, இப்போது இருக்கும் வீட்டுக்குக் கொடுத்த 1,00,000 திரும்பி வருமே என்பீர்கள். வரும். எப்போது வரும் என்பதில்தான் சூட்சுமம். புது வீட்டுக்காரருக்குச் சாவி வாங்கும்போதே பணம் வேண்டும். பழைய வீட்டுக்காரர் சாவியைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் பணத்தைப் பற்றியே பேசுவார். பேசும்போது சொல்வது பெரும்பாலும் ஒரே வசனம்: "அடுத்த பார்ட்டி வந்து அட்வான்ஸ் குடுத்ததும் உங்களுக்குத் தந்துடறேன்."

இந்த வசனத்தைச் சென்னையில் கேட்காத வாடகைக்காரர் இருந்தால் அவர் நேற்றுத்தான் சென்ட்ரலில் இறங்கியிருக்க வேண்டும். இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். நான் கொடுத்த பணம் வீட்டுக்காரரிடம் இல்லை. அது எனக்கு முன்னால் இருந்தவருக்குப் போய்விட்டது, அல்லது வீட்டுக்காரர் மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டது. என் பணம் இனிமேல் வரப்போகிற, முகம் தெரியாத ஒருவருடைய பையில் இருக்கிறது. அவர் வர வேண்டும். அவரும் நகையை அடகு வைத்திருக்க வேண்டும். அதுவும் நான் காலி செய்வது ஆடி மாதமாக இருந்துவிட்டால் யாரும் குடிவர மாட்டார்கள், ஆவணி பிறக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். பாதுகாப்புத் தொகை என்று சட்டத்தில் பெயர் வைத்திருக்கிறீர்கள். சீட்டுக் கம்பெனியில்கூடப் பணம் யார் கையில் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதியிருக்கும்.

பிடித்தம் என்று ஒன்று உண்டு. 2021ல் மடிப்பாக்கத்து வீட்டைக் காலி செய்தோம். சாமானெல்லாம் ஏற்றியாகிவிட்டது. வீட்டுக்காரர் வந்தார். ஹால் ட்யூப்லைட்டைப் போட்டது போதாமல் போன் டார்ச்சையும் அடித்துக்கொண்டு, சுவரை ஒட்டி நடந்து ஆணி ஓட்டைகளை எண்ணினார். வாய்விட்டே எண்ணினார். பதினொன்று வரை வந்து, காலண்டர் மாட்டிய இடத்தில் ஒன்றை இரண்டு முறை எண்ணிவிட்டோமோ என்று சந்தேகம் வந்து, மறுபடி முதலிலிருந்து. அதில் பாதி எங்களுக்கு முன் இருந்தவர்கள் அடித்தது. யார் நம்புவார்கள்? பெயின்டிங்குக்கு 20,000, பாத்ரூம் குழாய், சுவிட்ச் போர்டு, "இதர" என்று இன்னொரு 9,000. ஒரு லட்சத்தில் 71,000 திரும்பி வந்தது, இரண்டு தவணையாக, நான்கு மாதத்தில்.

ஆறு மாதம் கழித்து அந்தப் பழைய விலாசத்துக்குப் போய்விட்ட ஒரு கூரியரை வாங்க அங்கே போனேன். புதிதாகக் குடிவந்திருந்த பெண்மணி உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். சமையலறை நிலைப்படிக்குப் பக்கத்துச் சுவரில் என் பெண்ணின் உயரத்தைப் பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தோம். நாலு கோடும் அப்படியே இருந்தன. சுண்ணாம்பு வாசனைகூடப் படாத சுவர். 20,000 ரூபாய் பெயின்ட் எங்கே அடிக்கப்பட்டது என்று நான் கேட்கவில்லை. அந்தப் பெண்மணியிடம் அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். ஒன்றே கால் லட்சமாம். என் 71,000 எங்கிருந்து வந்தது என்று புரிந்தது.

இனி உங்கள் சட்டத்துக்கு வருகிறேன். 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, முழுப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தீர்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதை முழுக்கப் படித்தேன். பல இடங்களில் சந்தோஷமாகவே இருந்தது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கிறது. தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தி வாடகைக்காரரை விரட்டக் கூடாது என்று இருக்கிறது. 11ஆவது பிரிவில், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவது சட்டவிரோதம் என்றே இருக்கிறது.

அந்த வரி ஆரம்பிக்கும் விதத்தைப் பாருங்கள். 'மாறாக ஓர் ஒப்பந்தம் இருந்தாலொழிய' என்று ஆரம்பிக்கிறது.

வாசற்படியில் நின்று "உங்களுக்காக எட்டு" என்று ஒருவர் சொல்லும்போது, பின்னால் இன்னும் இரண்டு குடும்பம் வீடு பார்க்கக் காத்திருக்கும்போது, மாறாக ஒப்புக்கொள்ளாமல் வேறு என்ன செய்வது? மூன்று மாதம்தான் தருவேன், சட்டம் இருக்கிறது என்று நான் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். "அப்ப சட்டத்துக்கிட்டயே வீடு கேளுங்க சார்" என்று பதில் வந்தது. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உங்கள் பிரிவு எனக்கு ஓர் உரிமையைக் கொடுத்துவிட்டு, அதை விட்டுக்கொடுக்கும் உரிமையையும் சேர்த்தே கொடுத்திருக்கிறது. வீடு இல்லாதவன் எதை முதலில் பயன்படுத்துவான் என்று வரைவு எழுதியவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், அதைப் பதிய வேண்டும் என்பதும் சட்டம்தான். எனக்கு இதுவரை வாய்த்த வீட்டுக்காரர்களில் யாரும் பதிய ஒப்புக்கொண்டதில்லை. வருமான வரிக்காரர்கள் வருவார்கள் என்ற பயம். முத்திரைத்தாளில் பதினொரு மாதத்துக்கு ஒரு நகல் ஒப்பந்தம், வருடா வருடம் தேதியை மட்டும் மாற்றி. இதில் இன்னொரு வேடிக்கை: சட்டப்படி ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறினால் அதுவே வாடகைக்காரரை வெளியேற்ற ஒரு காரணம், 21ஆவது பிரிவில். கையெழுத்துப் போட மாட்டேன் என்றவரே, கையெழுத்து இல்லையே என்று சொல்லி வழக்குப் போடலாம். உயர் நீதிமன்றம் வரைக்கும் இது போயிருக்கிறது. நான் போகப்போவதில்லை. எனக்கு மறுநாள் காலை கடை திறக்க வேண்டும்.

வீட்டுக்காரர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று எழுத வரவில்லை. சூளைமேட்டில் நாங்கள் இருந்த வீட்டு அம்மா கணவரை இழந்தவர். எங்கள் வாடகையில்தான் அவருக்கு மாத்திரை. முன்பு ஒரு வாடகைக்காரர் பதினான்கு மாதம் வாடகை தராமல் உட்கார்ந்து, கோர்ட்டுக்கு அலைய விட்டிருந்தார். பழைய கட்டுப்பாட்டுச் சட்டத்தில் முப்பது, நாற்பது வருடம் அற்ப வாடகையில் பெரிய கடைத்தெருக் கட்டடங்களில் இருந்தவர்களின் கதைகள் எல்லார் காதிலும் இருக்கின்றன. நாட்டின் நகரங்களில் 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்ததாக 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொன்னது. அந்தப் பூட்டுகளில் பாதியாவது இந்தப் பயத்தில் தொங்கியவை என்பது என் எண்ணம். வழக்கு சீக்கிரம் முடியாது என்று தெரிந்தவர் பத்து மாதப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். அவர் கேட்பது அட்வான்ஸ் இல்லை, உங்கள் நீதிமன்றத்தின் தாமதத்துக்கான விலை. அதை நான் ஏன் கட்ட வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

வேறு வழி இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் சாதாரண வீடுகளுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்க முடியாது. வாங்கியதையும் முப்பது நாளுக்குள் அரசு அங்கீகரித்த ஓர் அமைப்பின் பாதுகாப்பில் பதிய வேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் பணத்தை வீட்டுக்காரர் தன்னிடம் வைத்துக்கொள்ள முடியாது, அது அரசு வாரியத்திடம் இருக்கிறது. ஜெர்மனியில் நம் சட்டம் போலவே மூன்று மாதம். ஆனால் அதை மூன்று தவணையாகக் கட்டலாம், வீட்டுக்காரர் தன் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டுக் கதை வேண்டாம் என்றால், 2021ல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த மாதிரி வாடகைச் சட்டம் இருக்கிறது. குடியிருப்புக்கு இரண்டு மாதம், அவ்வளவுதான். மாறாக, கீறாக எதுவும் அதில் இல்லை.

அட்வான்ஸைக் குறைத்தால் வாடகையை ஏற்றிவிடுவார்கள் என்று உங்கள் அதிகாரிகள் குறிப்பு எழுதலாம். ஏற்றட்டும். 1,60,000 ரூபாயை ஒன்பது சதவீத நகைக்கடனில் வாங்கினால் வருடத்துக்கு 14,400 வட்டி, மாதம் 1,200. அந்த வீட்டின் உண்மையான வாடகை இப்போதே 21,200தான், போர்டில் போடவில்லை என்பது மட்டுமே வித்தியாசம். அந்த 1,200ஐ வெளிப்படையாக வீட்டுக்காரரே வாங்கிக்கொண்டால் என் மனைவியின் வளையல் அவள் கையில் இருக்கும்.

உங்களால் முடியாத காரியமும் இல்லை இது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கும் குடியிருப்பை 2024ல் திறந்தீர்கள். ஒரு கம்பெனிக்கு ஆள் வேண்டும் என்றதும் அத்தனை கட்டிலை எழுப்ப முடிந்தது. நான் கட்டடம் எதுவும் கேட்கவில்லை. 11ஆவது பிரிவிலிருந்து அந்த முதல் சில சொற்களை எடுத்துவிடுங்கள். வாங்கும் மூன்று மாதத்தை மூன்று தவணையாகக் கட்ட விடுங்கள். பணத்தை ஒரு வங்கிக் கணக்கிலோ கருவூலத்திலோ வையுங்கள். காலி செய்யும்போது இருவரும் ஒப்புக்கொண்டதை அங்கிருந்து பிரித்துக் கொடுக்கட்டும், ஒப்புக்கொள்ளாததை மட்டும் வாடகை அதிகாரி பார்க்கட்டும். அவரும் டார்ச் அடித்து ஆணி எண்ணிக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. கரண்டைப் பற்றியும் எழுத நினைத்தேன். 2016ல் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் ஆக்கினீர்கள். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் கேட்கும் வீட்டுக்காரர்களிடம் குடியிருக்கிறவர்கள் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. அது இன்னொரு மடலுக்கு இருக்கட்டும்.

எட்டு மாத வீட்டுக்காரர் நாளைக்குள் டோக்கன் அட்வான்ஸ் கேட்டிருக்கிறார். பத்தாயிரம் போட்டு வைக்கப் போகிறோம். மீதிக்கு மனைவி இன்று மதியம் அரை நாள் லீவு போட்டு பேங்க் நகைக்கடன் பிரிவுக்குப் போயிருக்கிறாள்.

பின்குறிப்பு: இப்போது இருக்கும் வீட்டில் நாங்கள் அடித்த ஆணி நான்கு. குடிவரும்போதே ஆறு ஓட்டை இருந்தது. தேதியோடு போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். இடிக்கப்போகிற கட்டடம்தான் என்றாலும், கேட்டால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஆதம்பாக்கத்தில் இன்னும் 47 நாள் குடியிருக்கப் போகும் ஒரு வாடகைக்காரன்